பூச்சுச் சுவரும் கடைப் பலகையும்: அட்டையில் ஓர் ஐரிஷ் சிற்றூர்த் தெரு

அயர்லாந்தின் சிற்றூர் ஒன்றைத் தண்டவாளத்துக்குப் பின்னால் நிறுத்த விரும்பும் மாதிரி ரயில் ஆர்வலருக்கு முதலில் எதிர்ப்படும் சிக்கல், கடைகளில் எளிதாகக் கிடைக்கும், வெட்டி ஒட்டிக் கட்டும் அட்டைக் கட்டடத் தொகுப்புகளான கிட்டுகளில் பெரும்பாலானவை இங்கிலாந்தின் ஊர்களைப் பார்த்துச் செய்யப்பட்டவை என்பதுதான். மெட்கால்ஃப், சூப்பர்குவிக் போன்ற நிறுவனங்களின் கிட்டுகள் நேர்த்தியாக அச்சிடப்பட்டு, புதிதாகத் தொடங்குபவரின் கைக்கும் அடங்கும்படி வருகின்றன. அவற்றின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் அவற்றிலுள்ள செங்கல் வரிசை வீடுகளையும், படம் வரைந்த பலகை தொங்கும் மதுக்கடைகளையும் அப்படியே எடுத்துக் கெர்ரி மாவட்டத் தெரு என்று நிறுத்தினால், முன்னால் நிற்கும் எஞ்சின் எவ்வளவு சரியாக அமைந்திருந்தாலும் பின்னால் இருப்பது இங்கிலாந்தாகவே தெரியும். ஐரிஷ் கட்டடங்களுக்கென்றே வந்த அச்சுத் தாள்களும் உண்டு; ஆல்ஃபாகிராஃபிக்ஸ் வெளியிட்டவற்றில் ஐரிஷ் நிலையக் கட்டடங்கள் இருக்கின்றன. நிலையம் அப்படிக் கிடைத்துவிடுகிறது. முழுத் தெரு ஒன்று வேண்டுமென்றால் நாமே உருவாக்க வேண்டும்.

லிமெரிக் நகருக்கு அருகே வசிக்கும் நான், வட கெர்ரிப் பகுதியின் 1950-களின் பிற்பகுதியைக் காட்டும் ஒரு மாதிரி ரயில் தளத்தைச் சில ஆண்டுகளாக அமைத்துவருகிறேன். லிமெரிக்கிலிருந்து லிஸ்டோவல் வழியாக ட்ராலிக்குச் சென்ற பாதைதான் என் மாதிரிக்கு அடிப்படை. அதில் பயணிகள் வண்டி 1963-இல் நின்றுபோனது. லிஸ்டோவல் என்றதும் ரயில் ஆர்வலர்களுக்கு, 1888 முதல் 1924 வரை அங்கிருந்து பாலிபனியன் கடற்கரைக்கு ஓடிய ஒற்றைத் தண்டவாள லார்டிக் ரயில்தான் நினைவுக்கு வரும். எனக்கு அந்த ஊரின் கடை முகப்புகள் அதைவிட முக்கியமாகப்பட்டன. என் தளத்தில் உள்ள ஊர்க் கட்டடங்கள் அனைத்தும் அட்டையாலும் தாளாலும் ஆனவை. அவற்றைச் செய்யும்போது கற்றுக்கொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன்.

அளவைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் பின்பற்றுவது ஓ.ஓ. அளவு, அதாவது ஓர் அடிக்கு 4 மி.மீ.; ஏறத்தாழ 1:76. அயர்லாந்தின் அகலப்பாதை 1600 மி.மீ.; நம் நாட்டு அகலப்பாதையான 1676 மி.மீ.-ஐவிடச் சற்றே குறுகியது. 1:76-இல் அது 21 மி.மீ. ஆக வேண்டும். கடையில் வாங்கும் ஓ.ஓ. தண்டவாளமோ 16.5 மி.மீ. தான். 21 மி.மீ. தண்டவாளத்தைக் கையால் அமைப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களை வணங்குகிறேன். நான் 16.5 மி.மீ.-ஐ ஏற்றுக்கொண்டு, மிச்சமான நேரத்தைத் தெருவுக்குக் கொடுத்தேன். தண்டவாளம் குறுகியிருப்பதைப் பார்வையாளர்களில் மிகச் சிலரே கவனிக்கிறார்கள். தெரு பொருந்தவில்லை என்றால் அயர்லாந்தில் வளர்ந்த எவருக்கும் உடனே தெரிந்துவிடுகிறது.

ஐரிஷ் சிற்றூரின் முதன்மைத் தெருவை இங்கிலாந்துத் தெருவிலிருந்து பிரித்துக் காட்டுவது பூச்சுச் சுவர். உள்ளே ஒழுங்கற்ற கல், வெளியே சுண்ணாம்புச் சாந்துப் பூச்சு, அதன் மேல் வண்ணம். இதுதான் தெற்கிலும் மேற்கிலும் உள்ள ஊர்களின் பொது இலக்கணம். டப்ளின் புறநகர்களிலும் பெல்ஃபாஸ்டிலும் செங்கல் நிறைய உண்டு. கிரேட் நார்தர்ன் ரயில்வேயின் பொறியாளர் வில்லியம் ஹெமிங்வே மில்ஸ் டண்டாக்கில் அமைத்ததைப் போன்ற மஞ்சள் செங்கல் நிலையங்களும் உண்டு. அந்தப் பகுதிகளைச் செய்பவருக்கு இங்கிலாந்துச் செங்கல் தாள்கள் ஓரளவு உதவும். கெர்ரி, கிளேர், மேற்கு கார்க் என்று வந்துவிட்டால் செங்கல் தாளுக்குப் பெரும்பாலும் புகைபோக்கியில்கூட வேலை இல்லை, அங்கும் பூச்சுதான்.

இதில்தான் அட்டை வேலையின் உண்மையான கடினம் இருக்கிறது. செங்கலோ கல்லோ அச்சிட்ட தாளில், அச்சில் உள்ள கோடுகளே கண்ணுக்கு வேண்டிய விவரத்தைத் தந்துவிடும். மூலை கொஞ்சம் பிசகினாலும், சன்னல் சுவரோடு ஒட்டிக் கிடந்தாலும், கண் அந்தக் கோடுகளில் நின்றுவிடுவதால் குறை பெரிதாகத் தெரியாது. வெற்றுப் பூச்சுச் சுவரில் கண்ணுக்குப் பிடிமானம் எதுவும் இல்லை. ஆகவே சன்னல் எவ்வளவு உள்ளே இருக்கிறது, அதன் கீழ்ப்படி எவ்வளவு வெளியே நீட்டியிருக்கிறது, கூரையின் விளிம்பு எந்த நிழலை இடுகிறது, மூலை எவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்பவையே முழுச் சுமையையும் தாங்க வேண்டியிருக்கிறது. அச்சிட்ட வெளிர்மஞ்சள் தாளைப் பெட்டியின் மேல் ஒட்டியதுபோல் ஒரு கட்டடம் தோன்றுகிறது என்றால், தாளின் நிறத்தை மாற்றிப் பயனில்லை. நிழல் விழும் இடங்களைத்தான் திருத்த வேண்டும்.

நான் கைக்கொள்ளும் முறை இது. சுவருக்கு, புத்தக பைண்டிங்குக்குப் பயன்படும் 2 மி.மீ. சாம்பல் அட்டையை எடுத்துக்கொள்கிறேன். 1:76-இல் 2 மி.மீ. என்பது உண்மையில் 15 செ.மீ.; சாஷ் சன்னல் (மேலும் கீழும் நகரும் இரு சட்டங்கள் கொண்டது) சுவர் முகத்திலிருந்து உள்வாங்கியிருக்கும் ஆழம் ஏறத்தாழ அவ்வளவுதான், ஆகவே சன்னலை அட்டையின் பின்புறத்தில் ஒட்டினாலே ஆழம் சரியாக அமைந்துவிடும். முகப்பும் பக்கச் சுவர்களும் வெட்டி, ஒன்றோடொன்று நேர்கோணத்தில் ஒட்டி, உள்ளே ஒவ்வொரு மாடியின் மட்டத்திலும் ஒரு முழுத் தட்டு அட்டையை வைத்துப் பெட்டியாக்குகிறேன். அந்தத் தட்டு சுவரை வளையாமல் பிடித்துக்கொள்கிறது. சன்னல் வழியே பார்க்கும்போது கட்டடம் வெறும் கூடாகத் தெரிவதையும் தடுக்கிறது. பெட்டி முழுதும் காய்ந்து, மூலைகளை உப்புத்தாளால் சமன்செய்த பிறகு, முகப்பையும் இரு பக்கங்களையும் சேர்த்து ஒரே தாளால் சுற்றிப் போர்த்துகிறேன். செங்கல் கட்டடத்தில் மூலை இணைப்பை மறைக்கப் பல வித்தைகள் தேவை. பூச்சுச் சுவருக்கு இணைப்பே கிடையாது என்பதால் ஒரே தாள் மூலையைச் சுற்றிப் போவதுதான் இயல்பானது. மூலையில் தாளை மடிக்கும் கோட்டை மழுங்கிய ஊசியால் முன்கூட்டியே மெல்லக் கீறிவைத்தால் மடிப்பு கூராக விழும். சன்னல் திறப்புகளின் மேல் தாளைப் பெருக்கல் குறி போல வெட்டி, நான்கு நாக்குகளையும் உள்ளே மடித்து ஒட்டினால், சன்னல் பள்ளத்தின் பக்கங்களிலும் அதே பூச்சு தொடரும். அட்டையின் சாம்பல் விளிம்பு எங்கும் வெளியே தெரியாது.

போர்த்தும் தாள் வழவழப்பான ஓவியத் தாளாக இருக்க வேண்டும். நீர்வண்ணத் தாளின் சொரசொரப்பு கைக்கு இதமாக இருந்தாலும், 76 மடங்கு பெருக்கிப் பார்த்தால் அது கைப்பிடிக் கற்களைச் சுவரில் அப்பியதுபோல ஆகும். வீட்டுச் சுவருக்கு அடிக்கும் மங்கல் எமல்ஷனைத் தண்ணீரில் கொஞ்சம் இளக்கி, குட்டையான முடி கொண்ட தூரிகையின் நுனியால் தட்டித் தட்டி இரண்டு மெல்லிய பூச்சாகக் கொடுத்தால், சாந்துப் பூச்சின் மிக மெல்லிய அசைவு மட்டும் தோன்றும். 1930-களிலிருந்து ஊர் விளிம்புகளில் எழுந்த நகராட்சி வீடுகளில் சிறு கூழாங்கல் பதித்த பூச்சு உண்டு. அதற்கு மட்டும் 150-ஆம் எண் உப்புத்தாளைச் சுவராக ஒட்டி வண்ணம் அடிக்கிறேன். அதன் மணல் பருமன் இந்த அளவுக்குச் சரியாக இருக்கிறது. வங்கிகளிலும் வசதியான வணிகர் வீடுகளிலும் பூச்சின் மேல் கோடு கீறி, செதுக்கிய கல் வரிசை போலக் காட்டியிருப்பார்கள். அதை வண்ணம் காய்ந்த பிறகு மழுங்கிய ஊசியால் 8 மி.மீ. நீளமும் 4 மி.மீ. உயரமுமான கட்டங்களாக லேசாகக் கீறினால் போதும். கோட்டுக்குள் கருமை தேய்க்கக் கூடாது. பக்கவாட்டு வெளிச்சத்தில் மட்டும் தெரிய வேண்டிய கோடு அது.

ஒரு பக்கம் மட்டும் ஈரமான வண்ணமோ வெள்ளைப் பசையோ படும் அட்டை வளையும். உள்முகத்துக்கும் ஒரு பூச்சு கொடுத்துவிட்டுக் கனமான புத்தகங்களின் அடியில் இரவு முழுதும் வைப்பது என் வழக்கம். அயர்லாந்தின் ஈரக்காற்றில் இது இரட்டிப்பாக முக்கியம். சூடாக்கப்படாத மாடி அறையில் வைத்த அட்டைக் கட்டடத்தின் உள்புறத்துக்கு வார்னிஷ் அடிப்பதைத் தவிர்க்க முடியாது.

இனி, எதைப் பார்த்துச் செய்வது என்ற கேள்வி. அயர்லாந்தில் மாதிரி செய்பவருக்குக் கிடைத்த பெரும் கொடை, அரசு நடத்தும் தேசியக் கட்டட மரபுப் பட்டியல். ஊர் ஊராகச் சென்று கட்டடங்களைப் படம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் முகப்பில் எத்தனை சன்னல் வரிசை, எத்தனை தளம், எந்தக் காலம், கூரை எது, பூச்சு எது, சன்னலில் எத்தனை கண்ணாடி என்று ஒரே ஒழுங்கில் விவரித்திருக்கிறார்கள். அந்த விவரணையைப் படித்தாலே ஒரு கட்டடத்தின் வரைபடம் பாதி முடிந்துவிடுகிறது. பழைய தோற்றத்துக்கு அயர்லாந்து தேசிய நூலகத்தில் உள்ள லாரன்ஸ் புகைப்படத் தொகுப்பு இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து முதல் உலகப் போர் வரையிலான ஊர்த் தெருக்களை அதில் காணலாம். மனை அகலங்களுக்கு அரசு நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:2500 வரைபடத் தாள்கள் போதும். இவற்றோடு நேரில் போய்ப் பார்க்க வேண்டும். லிஸ்டோவல், என்னிஸ்டைமன், க்ளோனகில்டி ஆகிய மூன்றும் கடை முகப்புகளுக்காகவே போய்வரத் தகுந்தவை. மேகமூட்டமான நாளில், தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து, முகப்புக்கு நேராக நின்று படம் எடுப்பது நல்லது. நிழல் விழுந்த படத்தை அச்சிட்டுப் பயன்படுத்தினால் அந்த நிழலும் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். கடைக்காரரிடம் சொல்லிவிட்டுக் கதவின் அகலத்தை மட்டும் அளந்துகொள்வேன். அந்த ஓர் அளவை வைத்துப் படத்திலிருந்து மற்றெல்லாவற்றையும் கணக்கிடலாம்.

இன்றைய தோற்றத்தை அப்படியே 1950-களுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இன்று பல மதுக்கடைகளின் முகப்பில் பூச்சு உரிக்கப்பட்டு உள்கல் வெளியே தெரிகிறது. பழமையானது என்று பலர் நம்பும் இந்தத் தோற்றம் பிற்காலத்து மோகம். அந்தக் கல் மழைக்கு முகம் கொடுப்பதற்காக அடுக்கப்பட்டதல்ல. மேற்கில் பெய்யும் மழைக்கு அதற்குப் பூச்சு வேண்டும். பிளாஸ்டிக் சன்னல்களையும் அப்படியே நீக்கிப் பார்க்க வேண்டும். பளிச்சென்ற மஞ்சள், ஊதா, இளஞ்சிவப்பு முகப்புகளில் பெரும்பகுதி அண்மைப் பத்தாண்டுகளைச் சேர்ந்தது. ஊர்த் தூய்மைக்கான டைடி டவுன்ஸ் போட்டியே 1958-இல்தான் தொடங்கியது. என் தெருவில் வெளிர்மஞ்சள், சாம்பல், வெள்ளை, மங்கிய பச்சை ஆகியவையே மிகுதி. கதவுகளிலும் கடைப் பலகைகளிலும் மட்டும் அழுத்தமான நிறம் உண்டு. ஐரிஷ் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1961-இன் கடைசி நாளில் தொடங்கியதால், என் காலத்துக் கெர்ரிக் கூரைகளில் ஆன்டெனா கிடையாது. மின்கம்பங்களும் கம்பிகளும் உண்டு. அஞ்சல் பெட்டி பச்சை. அயர்லாந்தில் தனி அரசு அமைந்த 1922-க்குப் பிறகு சிவப்பின் மேல் பச்சை அடித்தார்கள், பழைய பெட்டிகளில் பிரிட்டிஷ் அரச முத்திரை அப்படியே தங்கிவிட்டது. கடை வாசலிலேயே நடைபாதை ஓரமாக நிற்கும் பெட்ரோல் பம்பு அந்தக் காலத் தெருவுக்கு மிகப் பொருத்தமான ஒரு சிறு பொருள்.

பூச்சுச் சுவருக்கு அடுத்து, ஊரை அடையாளம் காட்டுவது கடை முகப்பு. இங்கிலாந்தின் மதுக்கடைக்குச் சிங்கம், மணிமுடி என்று பெயரும் தொங்கும் படப் பலகையும் இருக்கும். ஐரிஷ் சிற்றூரில் பெரும்பாலும் குடும்பப் பெயர்தான் கடைப் பெயர்: ஓ'கானர், மர்ஃபி, சல்லிவன். அதே கடை மளிகையும் விற்கும், ஆணியும் சுத்தியலும் விற்கும், சில ஊர்களில் இறுதிச் சடங்கு ஏற்பாடும் செய்யும். முகப்பு மரத்தால் ஆனது: இரு பக்கமும் ஒட்டுத்தூண், அவற்றின் தலையில் செதுக்கிய தாங்குகட்டை, நடுவே நீண்ட பெயர்ப் பலகை, மேலே சிறிய விளிம்புச் சட்டம். இதைக் கால் மி.மீ. அட்டைப் பட்டைகளை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்யலாம். தூணுக்கு இரண்டு அடுக்கு, விளிம்புச் சட்டத்துக்கு ஒன்றைவிட ஒன்று சற்று நீட்டிய மூன்று அடுக்கு, தாங்குகட்டைக்குச் சிறு துண்டுகள். கடைக் கதவுக்குப் பக்கத்தில் மாடிக்குச் செல்லும் வீட்டுக் கதவு தனியாக இருக்க வேண்டும். குடும்பம் கடைக்கு மேல்தான் குடியிருந்தது. வரிசையில் எங்காவது ஒரு வளைவு வாயிலும் வேண்டும், வண்டி பின்முற்றத்துக்குப் போவதற்கு.

எழுத்தைப் பொறுத்தவரை அட்டை வேலைக்கு ஒரு வாய்ப்பான உண்மை இருக்கிறது. பலகையில் 30 செ.மீ. உயரமான எழுத்து நம் அளவில் 4 மி.மீ.தான், அதைத் தனியாக வெட்டி ஒட்டுவது கையால் ஆகாது. ஆனால் அந்தக் காலப் பலகை எழுதும் கலைஞர்கள் தட்டையான பலகையிலேயே எழுத்துக்கு நிழல் தீட்டிப் புடைத்ததுபோலக் காட்டினார்கள். ஆகவே நிழலோடு வரைந்து அச்சிட்ட எழுத்து, உண்மையான பலகைக்கு மிக நெருக்கமாகவே இருக்கும். எல்லாப் பலகைகளிலும் ஒரே எழுத்துருவைப் பயன்படுத்தாமல் கடைக்குக் கடை மாற்ற வேண்டும். சில பெயர்களைப் பழைய கேலிக் எழுத்தில் ஐரிஷ் மொழியில் எழுதலாம். அதில் சில மெய்யெழுத்துகளின் தலையில் புள்ளி வரும், அந்தப் புள்ளியை விட்டுவிட்டால் ஐரிஷ் தெரிந்தவர் கண்ணில் உறுத்தும்.

லிஸ்டோவலில் பேட் மெக்காலிஃப் என்ற சுதைக் கலைஞர் (1846–1921) விட்டுச்சென்ற முகப்புகளைப் பார்த்தவர்கள் அவற்றை மாதிரியில் கொண்டுவர ஆசைப்படாமல் இருக்க முடியாது. அவருடைய 'மெய்ட் ஆஃப் எரின்' முகப்பில் அயர்லாந்தைப் பெண்ணுருவமாக்கி, யாழும் வேட்டை நாயும் அருகிருக்கச் சுதையில் வடித்திருக்கிறார். ஊர்ப் பூச்சு வேலைக்காரர் ஒருவர் ஒரு சாதாரண வணிகத் தெருவுக்கு இவ்வளவு கற்பனையைக் கொடுத்திருப்பது என்னை ஒவ்வொரு முறையும் நெகிழவைக்கிறது. அவருடைய முகப்புகளைப் பின்பற்றி நான் செய்த ஒரு கட்டடத்தில், சுருள் கொடிகளுக்கு வெள்ளைப் பசையில் நனைத்த தையல் நூலைப் பென்சில் கோட்டின் மேல் ஊசி முனையால் வளைத்துப் பதித்தேன். பூக்களுக்குப் பசைத் துளி. உருவத்துக்கு மூன்று அடுக்குத் தாள் வெட்டு. எல்லாம் காய்ந்தபின் முழு முகப்புக்கும் ஒரே நிற எமல்ஷன் கொடுத்ததும் நூலும் தாளும் பசையும் ஒன்றாகிச் சுதையாகவே தோன்றின. இதற்கு மிகுந்த பொறுமை வேண்டும். தெருவுக்கு இப்படி ஒன்று போதும். எல்லா முகப்பும் இவ்வாறு இருந்தால் இதன் அருமை போய்விடும்.

சன்னல்களில் விக்டோரியக் காலத்து வகையைத் தேர்ந்தால் வேலை எளிது. மேல் சட்டத்தில் இரண்டு, கீழ்ச் சட்டத்தில் இரண்டு கண்ணாடிகள்தாம், நடுவே ஒரே ஒரு செங்குத்துக் கோடு. ஓ.எச்.பி. ஷீட் எனப்படும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளின் முன்பக்கத்தில் மேல் சட்டத்தையும் பின்பக்கத்தில் கீழ்ச் சட்டத்தையும் மெல்லிய ஒட்டுத்தாள் பட்டைகளால் அமைத்தால், ஷீட்டின் தடிமனே இரு சட்டங்களுக்கும் இடையிலுள்ள படியைத் தந்துவிடும். வெளிர்மஞ்சள் தாளில் வெட்டிய திரைச்சீலையை ஒவ்வொரு சன்னலிலும் வெவ்வேறு உயரத்தில் ஒட்டுவது சிறிய வேலை, பலன் பெரிது.

கூரைக்கு அச்சிட்ட சிலேட்டுத் தாளை ஒட்டுவதை நான் ஏற்பதில்லை. மாதிரித் தளத்தை நாம் எப்போதும் மேலிருந்து பார்க்கிறோம். உண்மைத் தெருவில் கண்ணில் படாத கூரைதான் இங்கே முதலில் கண்ணில் படுகிறது. 50 செ.மீ. நீளமும் 25 செ.மீ. அகலமுமான வேல்ஸ் சிலேட்டு ஒன்று கூரையில் வெளியே தெரியும் உயரம் ஏறத்தாழ 21 செ.மீ.; அது நம் அளவில் 2.8 மி.மீ. சாதாரண 80 கிராம் தாளின் தடிமன் சிலேட்டின் தடிமனுக்கு மிக அருகில் வருகிறது. ஆகவே தாளைப் பட்டைகளாக வெட்டி, 3.3 மி.மீ. இடைவெளியில் கீறல்கள் போட்டு, கீழிருந்து மேலாக ஒன்றின் மேல் ஒன்றாக, கீறல்கள் மாறி மாறி வரும்படி ஒட்டிச் செல்ல வேண்டும். நீலச் சாம்பல் நிறம் அடித்த பிறகு சில சிலேட்டுகளை மட்டும் சற்றே வேறு சாயலில் தொட்டுவிட்டால் போதும்.

அச்சிட்டுப் பயன்படுத்தும் கிட்டுகளுக்கு ஓரிரு எச்சரிக்கைகள். அச்சிடும்போது தாளுக்கேற்பச் சுருக்கும் வசதியை அணைத்து, 100 விழுக்காட்டில் அச்சிட்டு, 100 மி.மீ. கோடு ஒன்றை அச்சில் சேர்த்து அளவுகோலால் சரிபார்க்க வேண்டும். இரண்டு மூன்று விழுக்காடு சுருங்கினாலும் கூரை சுவரில் உட்காராது. இங்க்ஜெட் மை வெயிலில் வெளுக்கும், ஈரத்தில் கசியும். வெட்டுவதற்கு முன்பே மங்கல் வார்னிஷை மெல்லிய பூச்சுகளாகத் தெளித்துக் காயவிட வேண்டும். லேசர் அச்சில் மடிப்பு ஓரம் வெடித்து வெள்ளை தெரியும். அதே நிறப் பென்சிலால் தொட்டுவிடலாம். ஸ்கால்பெல் கத்தியின் அலகைத் தாராளமாக மாற்றுங்கள். தடித்த அட்டையை ஒரே அழுத்தத்தில் வெட்ட முயலாமல், இரும்பு அளவுகோலை ஒட்டி மெல்லிய கீறல்களாகப் பலமுறை இழுத்தால் விளிம்பு நேராக நிற்கும்.

கட்டடங்களைத் தெருவாகச் சேர்ப்பதில்தான் அத்தனை உழைப்பும் பயன்பெறும். ஐரிஷ் தெருவில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும், ஆனால் ஒன்றுபோல் இருக்காது. கூரை விளிம்பு வீட்டுக்கு வீடு ஏறி இறங்கும். முகப்பின் அகலம் மாறும். சன்னல் வரிசைகள் பக்கத்து வீட்டோடு பொருந்தாது. இடைச்சுவரின் மேல் பூச்சுப் பூசிய அகலமான புகைபோக்கி நிற்கும். ஒரு மாடியின் உயரம் 36 முதல் 40 மி.மீ., முகப்பின் அகலம் 65 முதல் 100 மி.மீ. என்ற வரம்புக்குள் வேண்டுமென்றே மாற்றி மாற்றி அமைக்கிறேன். மெட்கால்ஃப் போன்ற கிட்டின் அட்டைக் கூட்டை உள்ளுடலாக வைத்து மேலே தாள் போர்த்துவதும் நடைமுறைக்கு உகந்தது, ஆனால் ஒரே கிட்டை இரண்டு முறை அடுத்தடுத்து வைக்கக் கூடாது. கட்டடத்தின் அடிப்பகுதியை 3 மி.மீ. கூடுதலாக வெட்டி, நடைபாதை அட்டையை அதைச் சுற்றிப் பொருத்தினால், சுவருக்கும் தரைக்கும் நடுவே வெளிச்சக் கீற்று தெரியாது.

தெருவின் அகலத்தை விட்டுக்கொடுப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. மாட்டுச் சந்தை தெருவிலேயே கூடிய ஊர்கள் இவை. அதற்கென்றே தெரு அகன்றிருந்தது. 1950-களில் தனி ஏலக்கூடங்கள் வரத் தொடங்கும்வரை சந்தை நாளில் மாடுகள் கடை வாசல்களில் நின்றன. விற்ற மாடுகள் நிலையத்தின் மாட்டு மேடைக்கு ஓட்டிச் செல்லப்பட்டுத் தனி ரயிலில் ஏறின. அகன்ற தெருவும் மாட்டு வேகன்களும் ஒரே கதையின் இரு முனைகள். 18 மீட்டர் தெரு நம் அளவில் 236 மி.மீ. பிடிக்கும், இடமில்லாதவர்கள் எதிர்வரிசையை விட்டுவிட்டு, ஒரு வரிசையை மட்டும் 30 மி.மீ. ஆழமுள்ள முகப்புக் கட்டடங்களாகப் பின்திரையோடு ஒட்டி நிறுத்தி, தெருவை முழு அகலத்தில் விடலாம். தெருவைச் சுருக்குவதைவிட அது நல்லது.

பல ஊர்களில் நிலையம் ஊரின் விளிம்பில் இருந்தது, ஆகவே ரயிலிலிருந்து தெரிவது முகப்புகளல்ல, வீடுகளின் பின்புறங்கள். அவற்றுக்கும் இதே கவனத்தைக் கொடுங்கள்: வெள்ளையடித்த முற்றச் சுவர், சாய்ப்பு, செங்காவி அடித்த நெளிதகரக் கூரை, பூச்சு உதிர்ந்து கல் தெரியும் இடங்கள். பின்புறத்தில் ஈரக்கறை மிகுதி. பச்சையும் சாம்பலும் கலந்த பேஸ்டல் பொடியைச் சுவரின் அடியிலும், சன்னல் கீழ்ப்படியின் இரு முனைகளுக்குக் கீழேயும் மென்தூரிகையால் தேய்த்தால் மழை வழிந்த தடம் கிடைக்கும். நான் தெருவை மூன்று நான்கு வீடுகள் கொண்ட தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனிப் பலகையில் நிறுத்தி, தளத்தில் துளையிட்டு இரண்டு மர முளைகளால் செருகியிருக்கிறேன். பிரிவு எப்போதும் வளைவு வாயிலிலோ சந்து முனையிலோ வருமாறு பார்த்துக்கொண்டால் இணைப்புக் கோடு தெரியாது. கண்காட்சிக்குக் கொண்டுபோகவும், ஈரமான குளிர்காலத்தில் கழற்றி வீட்டுக்குள் உலர்ந்த அலமாரியில் வைக்கவும் அது வசதியாக இருக்கிறது.